சூடான சாம்பாரும் ஐஸ்கிரீம் டப்பாவும்

(தேக்கா வட்டாரத்தில் மூத்தோருக்காக நடத்தப்பட்ட சுகாதார உரையின் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் அல்ல, மொழிபெயர்ப்பாளர். பலதுறை மருந்தகத்தில் நீங்கள் எடுத்துப் படிக்கும் துண்டுப் பிரசுரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பிறகு என்னைப் போன்றவர்களின் மேசைக்கு வரும். அவற்றைத் தமிழில் எழுதுவது என் வேலை. எழுதியதும், எங்கள் வீட்டில் எங்களுடன் வசிக்கும் பாட்டியிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுவேன். அவருக்குப் புரிந்தால் எல்லாருக்கும் புரியும் என்பது என் கணக்கு.

சில மாதங்களுக்கு முன் பிளாஸ்டிக் பற்றிய ஒரு பிரசுரம் வந்தது. பிளாஸ்டிக்கிலிருந்து உணவில் கசியும் சில வேதிப்பொருள்கள் நம் உடலின் ஹார்மோன்களைக் குழப்பக்கூடும் என்பதே அதன் செய்தி. நான் பல்கலைக்கழகத்தில் மொழி படித்தவன் அல்லவா, ‘நாளமில்லாச் சுரப்பிகளின் செயல்பாட்டைச் சீர்குலைக்கும் வேதிப்பொருள்கள்’ என்று மிடுக்காக எழுதினேன். வாசித்துக் காட்டினேன். பாட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “யாருக்குப்பா நாள் இல்லை?” என்று கேட்டார்.

அந்த வாக்கியத்தை அன்றே கிழித்துப் போட்டேன். இன்று உங்களிடம் பாட்டிக்கு விளக்கியபடியே விளக்குகிறேன்.

நம் உடம்பில் தைராய்டு, கணையம், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி என்று பல சுரப்பிகள் இருக்கின்றன. அவை மிக மிகச் சிறிய அளவில் சில நீர்களை இரத்தத்தில் விடுகின்றன. அவற்றைத்தான் ஹார்மோன் என்கிறோம். இன்சுலின் ஒரு ஹார்மோன். உங்களில் பலருக்கு அது நன்றாகவே பழக்கம். ஹார்மோன் ஒரு சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் அணுக்களில் அதற்கென்று பூட்டு இருக்கிறது. சாவி நுழைந்து திரும்பினால் கதவு திறக்கும், வேலை நடக்கும்.

இதைச் சொன்னதும் பாட்டி, பழைய வீட்டில் இருந்தபோது பக்கத்து வீட்டு மாமியின் சாவி எங்கள் வீட்டுப் பூட்டுக்குள் நுழைந்து, திரும்பாமல் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். பூட்டுக்காரர் வரும்வரை இரண்டு வீட்டாரும் தாழ்வாரத்தில் நின்றார்களாம். நான் தேடிக்கொண்டிருந்த விளக்கம் அதுதான். சில வேதிப்பொருள்கள் ஏறக்குறைய நம் சாவி போலவே இருக்கின்றன. சில நேரம் பூட்டில் நுழைந்து, திறக்கக்கூடாத நேரத்தில் கதவைத் திறக்கின்றன. சில நேரம் உள்ளே மாட்டிக்கொண்டு உண்மையான சாவி நுழைய இடம் விடுவதில்லை.

இவற்றில் அதிகம் பேசப்படுவது பிஸ்பினால் ஏ. சுருக்கமாக பிபிஏ. இது புதிதாக வந்தது அல்ல. 1891ஆம் ஆண்டிலேயே ரஷ்ய வேதியியலாளர் அலெக்சாண்டர் டியானின் இதைத் தயாரித்துவிட்டார். 1930களில் லண்டனில் எட்வர்ட் சார்ல்ஸ் டாட்ஸ் என்ற ஆய்வாளர், பெண்களுக்கு உரிய ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கு மாற்றாக மலிவான மருந்து ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் சோதித்த பொருள்களில் பிபிஏயும் ஒன்று. அது ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்தது, ஆனால் பலவீனமாக. அதைவிட வலுவான வேறொன்று 1938இல் கிடைத்ததால் பிபிஏ மருந்தாகவில்லை. 1950களில் அதே பிபிஏயைக் கொண்டு உடையாத, கண்ணாடி போலத் தெளிவான ஒரு பிளாஸ்டிக் செய்தார்கள். அதன் பெயர் பாலிகார்பனேட். தகர டின்களின் உள்பூச்சிலும் பிபிஏ சேர்ந்த பிசின் பயன்பட்டது. ஒரு காலத்தில் ஹார்மோன் மருந்தாகச் சோதிக்கப்பட்ட பொருள் இப்படிச் சத்தமில்லாமல் சமையலறைக்குள் வந்து சேர்ந்தது.

பால் புட்டிக்கும் அதே பாலிகார்பனேட்தான். என் அம்மா குழந்தையாக இருந்தபோது வீட்டில் கண்ணாடிப் புட்டி. என் காலத்தில் பிளாஸ்டிக் வந்துவிட்டது. கீழே போட்டாலும் உடையாது, குழந்தை தானே பிடித்துக்கொள்ளும், கை வலிக்காது. விலை கொஞ்சம் அதிகமாக இருந்தாலும் பேரப்பிள்ளைக்கு நல்லதையே வாங்க வேண்டும் என்று பாட்டி தேடி வாங்கினாராம். தினமும் பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, புட்டிகளை அதில் போட்டு, பிறகு பிரஷ் வைத்து மூலை முடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவுவார். கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது.

பிரசுரத்தில் “பழைய பாலிகார்பனேட் புட்டிகளைக் கொதிக்க வைப்பதாலும், கடுமையாகத் தேய்ப்பதாலும் பிபிஏ கூடுதலாகக் கசியும்” என்ற வரியை வாசித்தபோது பாட்டி அமைதியாகிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “அப்படியென்றால் உனக்கு நான் விஷத்தையா கொடுத்தேன்?” என்று கேட்டார்.

இந்த உரைக்கு நான் ஒப்புக்கொண்டதற்கு அந்தக் கேள்விதான் காரணம். இங்கே உட்கார்ந்திருக்கும் பலர் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வளர்த்தவர்கள். இன்றும் வளர்ப்பவர்கள். உங்கள் மனத்திலும் அதே கேள்வி எழலாம். ஆகவே பாட்டிக்கு என்ன பதில் சொன்னேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அது அந்தக் காலத்தில் அறிவியலாளர்களுக்கே தெரியாத விஷயம். 1998இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் பட்ரீஷியா ஹன்ட் என்ற மரபியல் ஆய்வாளர் எலிகளின் கருமுட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். வழக்கமாக நூற்றுக்கு ஒன்றிரண்டு முட்டைகளில்தான் குரோமோசோம்கள் தாறுமாறாக இருக்கும். திடீரென்று நூற்றுக்கு நாற்பது முட்டைகள் அப்படி இருந்தன. மருந்து எதுவும் கொடுக்காத எலிகளிலும் அதே நிலை. உணவு, தண்ணீர், காற்று என்று எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தார்கள். கடைசியில் காரணம் கழுவுமிடத்தில் கிடைத்தது. எலிக்கூண்டுகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும், தரை துடைக்கும் காரமான சோப்பினால் யாரோ தவறுதலாகக் கழுவியிருந்தார்கள். கூண்டும் புட்டியும் பாலிகார்பனேட். சோப்பு அவற்றை அரித்து, பிபிஏ கசிந்து எலிகளின் உடலில் சேர்ந்துவிட்டது. வேண்டுமென்றே அதே சோப்பால் கழுவிப் பார்த்தபோதும் அதே விளைவுதான். அந்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. ஆய்வுக்கூடத்தில் இதையே தொழிலாகச் செய்பவர்களுக்குக்கூட ஒரு விபத்து நடந்த பிறகுதான் இது புலப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னே புட்டி கழுவிய பாட்டிக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றும் சொன்னேன். பிபிஏ உடம்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும் பொருள் அல்ல. கல்லீரல் அதை மாற்றி, பெரும்பகுதி ஒரே நாளில் சிறுநீரோடு வெளியேறிவிடுகிறது. மறுநாள் மறுபடி உள்ளே போவதுதான் சிக்கல். எனவே இன்று பழக்கத்தை மாற்றினால் நாளைக்கே அளவு குறையும். இது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த 20 பேருக்கு, டின்னிலோ பிளாஸ்டிக்கிலோ அடைக்காத புதிய உணவை மூன்று நாள் கொடுத்தார்கள். அவர்கள் சிறுநீரில் பிபிஏ அளவு சராசரியாக 66 விழுக்காடு குறைந்தது. அதே ஆண்டு வெளிவந்த ஒரு ஹார்வர்ட் ஆய்வில் 75 பேர் ஐந்து நாள் தொடர்ந்து தினமும் ஒரு வேளை டின் சூப் சாப்பிட்டார்கள். அவர்களுடைய பிபிஏ அளவு, புதிதாகச் சமைத்த சூப் சாப்பிட்ட நாள்களைவிட பத்து மடங்குக்கும் மேல் இருந்தது. சில நாளில் ஏறுகிறது, சில நாளில் இறங்குகிறது.

சரி, இதனால் நோய் வருமா? இங்கே நான் கவனமாகப் பேச வேண்டும். கருவில் இருக்கும் குழந்தை, கைக்குழந்தை, இவர்களைப் பற்றித்தான் கவலை அதிகம். உறுப்புகள் உருவாகும் நேரத்தில் தவறான சாவி நுழைந்தால் பாதிப்பு நிலைத்துவிடலாம். பெரியவர்களைப் பொறுத்தவரை, 2008இல் 1,455 அமெரிக்கர்களைப் பற்றிய ஆய்வில், சிறுநீரில் பிபிஏ அதிகம் இருந்தவர்களிடம் இதய நோயும் நீரிழிவும் அதிகம் காணப்பட்டன. ஆனால் டின் உணவும் பொட்டல உணவும் அதிகம் சாப்பிடுபவர்களுக்கு உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் அதிகம் சேர்ந்திருக்கும். நோய்க்குக் காரணம் பிபிஏயா, அந்த உணவா என்று அந்த ஓர் ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. உங்கள் நீரிழிவுக்கு பிளாஸ்டிக்தான் காரணம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். மருந்தை நிறுத்திவிட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் சர்க்கரை இறங்கிவிடாது.

நிபுணர்களிடையே கருத்து வேறுபாடும் இருக்கிறது. 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒருவர் தினமும் உட்கொள்ளத்தக்க பிபிஏ அளவை முன்பைவிட 20,000 மடங்கு குறைத்தது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அவ்வளவு குறைக்கத் தேவையில்லை என்றது. எனினும் ஐரோப்பிய ஒன்றியம் உணவு படும் பொருள்களில் பிபிஏயைத் தடைசெய்ய முடிவெடுத்து, அந்த விதி 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. நம் சிங்கப்பூரில், பிபிஏ கலந்த குழந்தைப் பால் புட்டிகளை விற்க அனுமதி இல்லை. உணவுப் பொட்டலங்களைச் சிங்கப்பூர் உணவு அமைப்பு கண்காணிக்கிறது. ஆகவே இன்று கடையில் வாங்கும் புதிய புட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். மூத்த பேரனுக்கு வாங்கி, அலமாரியின் மேல்தட்டில் பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறீர்களே, அந்தப் பழைய புட்டியை மட்டும் கொள்ளுப்பேரனுக்கு எடுத்துக் கொடுக்காதீர்கள்.

பிபிஏ தவிர, தாலேட்டுகள் என்று ஒரு குடும்பமே இருக்கிறது. விறைப்பான பிவிசி பிளாஸ்டிக்கை வளைந்து கொடுக்கச் செய்பவை அவை. எண்ணெயில் எளிதாகக் கரையும். 2011 மே மாதம் தைவானில், பழச்சாறு முதலியவற்றைக் கெட்டியாகக் காட்டும் ஒரு சேர்ப்புப் பொருளில் பனை எண்ணெய்க்குப் பதிலாக மலிவான தாலேட் ஒன்றைக் கலந்தது கண்டுபிடிக்கப்பட்டது. செய்தித்தாளில் பார்த்த நினைவு சிலருக்கு இருக்கலாம். இங்கும் தைவானிய பானங்களையும் சத்துப் பொருள்களையும் சோதித்து, சிலவற்றை விற்பனையிலிருந்து மீட்டுக்கொண்டார்கள். அது கசிவு அல்ல, கலப்படம். ஆனால் இந்தப் பெயரைப் பலர் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

இப்போது சமையலறைக்கு வருவோம். எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் ஐஸ்கிரீம் இருந்ததே இல்லை. ஒன்றில் இட்லி மாவு, ஒன்றில் அரைத்த தேங்காய், ஒன்றில் முந்தாநாள் சாம்பார். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? சிரிக்கிறீர்கள். மாவு இருக்கட்டும், தேங்காயும் இருக்கட்டும், குளிர்ச்சியாக இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. சாம்பார்தான் பிரச்சினை. கொதிக்கக் கொதிக்க ஊற்றி, மறுநாள் அதே டப்பாவோடு மைக்ரோவேவில் வைக்கிறோம். சூடு, எண்ணெய், புளிப்பு, நீண்ட நேரம் ஆகிய நான்கும்தான் பிளாஸ்டிக்கிலிருந்து பொருள்களை இழுக்கின்றன. சாம்பாரில் நான்குமே இருக்கின்றன. ரசம், மீன் குழம்பு, ஊறுகாய்க்கும் அதே கதை. ஐஸ்கிரீம் டப்பா குளிர்ந்த பொருளுக்காகச் செய்யப்பட்டது. அதைச் சூடுபடுத்தலாம் என்று செய்தவரே சொல்லவில்லை.

செய்ய வேண்டியது சிறிய வேலைதான். சாம்பாரை ஆறவிட்டு எவர்சில்வர் பாத்திரத்திலோ கண்ணாடியிலோ வையுங்கள். மைக்ரோவேவில் சூடுபடுத்தும்போது பீங்கான் கிண்ணத்துக்கு மாற்றி, மேலே பிளாஸ்டிக் தாளுக்குப் பதிலாகத் தட்டை மூடுங்கள். எவர்சில்வரை மைக்ரோவேவில் வைக்கக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். உணவங்காடியில் சாப்பிடும் மெலமைன் தட்டும் மைக்ரோவேவுக்கு உரியது அல்ல.

கண்ணாடி கனமாக இருக்கிறது, மூட்டுவலிக்குத் தூக்க முடியவில்லை என்று சிலர் சொல்வீர்கள். நியாயம். வழுக்கி விழுந்து உடைந்தால் காலில் காயம், நீரிழிவு உள்ளவர்களுக்கு அது இன்னும் ஆபத்து. அப்படிப்பட்டவர்கள் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் உள்ள டப்பாவைக் குளிர்ந்த, உலர்ந்த பொருளுக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். 3 என்றால் பிவிசி, 6 என்றால் பாலிஸ்டைரீன். இவ்விரண்டையும் சூடான உணவுக்குத் தவிர்க்கலாம். 7 என்பது ‘மற்றவை’. அதில் பாலிகார்பனேட்டும் அடங்கும், வேறு பலவும் அடங்கும். எண்ணே தெரியாமல் தேய்ந்துபோயிருந்தால், உள்பக்கம் கீறலும் மங்கலுமாக இருந்தால், அந்த டப்பாவுக்குச் சமையலறையில் வேலை முடிந்துவிட்டது. பொத்தான், திருகாணி, ஊசி நூல் வைக்கலாம். ‘பிபிஏ இல்லை’ என்ற முத்திரையைப் பார்த்து அளவுக்கு மீறி நம்பவும் வேண்டாம். பிபிஏக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் பிஸ்பினால் எஸ் போன்றவையும் அதே பூட்டில் நுழையக்கூடியவை என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

தேக்காவில் தே தாரேக்கைப் பையில் கட்டி வாங்குவதைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். அந்த மெல்லிய பைகள் பெரும்பாலும் பிவிசி அல்ல, எனவே தாலேட் சேர்க்க வேண்டிய அவசியம் அவற்றில் இல்லை. எப்போதாவது ஒரு நாள் குடித்ததற்காகத் தூக்கம் கெட வேண்டாம். தினமும் காலையில் வாங்குபவராக இருந்தால் ஒரு பிளாஸ்க்கையோ எவர்சில்வர் தூக்கையோ கொண்டு போங்கள். முன்பு அடுக்குத் தூக்கில்தானே சாப்பாடு வாங்கினோம் என்று பாட்டி சொல்வார். கடைக்காரர்கள் ஊற்றித் தருகிறார்கள், நான் கேட்டுப் பார்த்தேன். குழம்பைத் தபாவ் வாங்கினால், வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். அடுத்த வேளைவரை பையிலேயே கிடக்க வேண்டாம்.

டின் மீனை டின்னோடு சூடாக்காதீர்கள். மீதியைக் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். கடை ரசீது தாள் சிலவற்றில் பிபிஏ அல்லது அதன் உறவுக்காரப் பொருள் தூளாக ஒட்டியிருக்கும். கைச் சுத்திகரிப்பானோ கிரீமோ தடவிய ஈரக் கையில் ரசீதைப் பிடித்தால் தோல் வழியாக அதிகம் உறிஞ்சப்படுகிறது. வாங்கினோமா, பார்த்தோமா, பைக்குள் போட்டோமா என்று இருங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இரத்தப் பைகள், சொட்டு மருந்துக் குழாய்கள், டயாலிசிஸ் குழாய்கள் பலவும் தாலேட் சேர்ந்த பிவிசியால் ஆனவை. இதைக் கேட்டுவிட்டு யாரும் டயாலிசிசுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அந்தக் குழாய் காப்பாற்றும் உயிர் கண்முன்னே இருக்கிறது. சந்தேகம் இருந்தால் தாதியிடம் கேளுங்கள், சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

அதேபோல, பிளாஸ்டிக் கெட்டது என்றால் பழையதெல்லாம் நல்லது என்றும் முடிவு கட்டிவிட முடியாது. பாட்டி உடனே ஊரிலிருந்து வந்த ஈயச் சொம்பை இறக்கச் சொன்னார். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்யப்பட வேண்டும். காரீயம் கலந்திருந்தால் பிளாஸ்டிக்கைவிட அது பெரிய கேடு, நரம்பையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. பூச்சு போன பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்த்துச் சமைப்பதும் கூடாது. சொம்பு இப்போது எங்கள் வீட்டு வரவேற்பறையில் அழகாக உட்கார்ந்திருக்கிறது. ரசம் எவர்சில்வரில் கொதிக்கிறது.

என் அக்காவுக்கு இது ஏழாவது மாதம். குழந்தை பிறந்ததும் பாட்டிதான் பார்த்துக்கொள்ளப் போகிறார். போன வாரம் இருவரும் சிராங்கூன் சாலைக்குப் போய் ஆறு கண்ணாடிப் புட்டிகள் வாங்கி வந்தார்கள். அக்கா பிளாஸ்டிக்கே போதும் என்றாராம், இப்போது விற்பவை பாதுகாப்பானவை என்று அவருக்குத் தெரியும். பாட்டி கேட்கவில்லை. நானும் குறுக்கே பேசவில்லை.

வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்திருப்பவர்கள் பின்னால் இருக்கும் மேசைக்கு வாருங்கள். அடியில் உள்ள எண் மிகச் சிறியதாக இருக்கும், பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாகச் சேர்ந்து பார்ப்போம்.